வழிப்போக்கனின் பெயர்

நிம்லே கிராமம், ஸ்பிதி
1981 அக்டோபர் 30

லாமா தம்பி தக்பாவுக்கு அண்ணி பல்சோம் எழுதிக்கொண்டது.

மும்மணிகளின் அருளால் இங்கே நான் சுகம். நீயும் மடத்தில் எல்லோரும் சுகமா? முழங்கால் வலி குறைந்ததா? குளிர்ந்த தரையில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் வலிக்காமல் என்ன செய்யும்!

உன் அண்ணன் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாரா? இருந்தால் உடனே கிளப்பிவிடு. மணாலியில் குதிரைகளை விற்றுவிட்டு, தேயிலையும் அரிசியும் வாங்கிக்கொண்டு, பனி விழுவதற்குள் வந்துவிடுகிறேன் என்று போன மனிதர். கூடப் போன பக்கத்து வீட்டு நம்காவையும் காணோம். கணவாயிலிருந்து இறங்கினால் முதலில் கண்ணில் படுவது உங்கள் தர்கே கோம்பா மடம்தான். தம்பியைப் பார்த்து நாலு வார்த்தை பேசாமல் அவர் இந்தப் பக்கம் திரும்பியதே கிடையாது. அந்த நாலு வார்த்தைக்கு நாலு நாள் ஆகும் என்பது எனக்குத் தெரியாதா?

இந்த முறை அவருக்குப் புது பூட்ஸ் தைத்துக் கொடுத்தேன். கம்பளியில் நீலப் பூத்தையல் போட்டது. அதே துணியில் உனக்கும் ஒரு ஜோடி அனுப்பினேனே, போகும்போது கொடுத்தாரா?

நேற்று முதல் பனி விழுந்தது. இதைக் கொண்டுவரும் தபால்காரர் கையிலேயே பதில் கொடுத்தனுப்பு. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அண்ணி
பல்சோம்

*

தர்கே கோம்பா
நவம்பர் 16

வணக்கத்துக்குரிய அண்ணிக்கு, தக்பாவின் பணிவான வணக்கம். தலைமை லாமாவின் ஆசியால் இங்கே அனைவரும் நலம். தங்கள் நலத்துக்காகத் தினமும் விளக்கேற்றுகிறேன்.

அண்ணன் இங்கே வரவில்லை. போகும்போது வந்தார். பூட்ஸைக் கொடுத்தார். நான் இப்போது போட்டிருப்பது அதுதான். கால் சூடாக இருக்கிறது. அதற்குப் பிறகு கணவாய்ப் பக்கமிருந்து ஒரு ஆளும் இறங்கவில்லை. எங்களுக்கே கதவைத் திறக்க முடியாத அளவு பனி. அவர் மணாலியிலேயே தங்கியிருக்கலாம். மனதைத் தளரவிட வேண்டாம்.

தாங்கள் வேளைக்குச் சாப்பிடவும்.

தக்பா

*

நிம்லே
டிசம்பர் 9

தம்பி தக்பாவுக்கு,

நலமா என்று கேட்டுவிட்டேன். நான் நலமில்லை.

நம்கா வந்துவிட்டான். கீழே ஆற்றோரமாகச் சுற்றி, கால் விரல்கள் கறுத்துப்போய் வந்து சேர்ந்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அண்ணி, நான் முன்னால போய்க்கிட்டிருந்தேன். அண்ணன் பின்னால பாட்டுப் பாடிட்டு வந்தாரு. பாட்டு நின்னுச்சு. திரும்பிப் பாத்தா மலையே சரிஞ்சு கெடக்கு. கத்தினேன், தோண்டினேன், ஒண்ணும் முடியல.” நான் அவன் காலுக்கு வெந்நீர் ஊற்றினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாளே ஊர்ப் பெரியவர் பல்தான் வந்துவிட்டார். துக்கம் கேட்க வந்தவர் கணக்கு முடிக்க உட்கார்ந்தார்.

“உன் புருஷன் கட்டுக் போயிட்டான், குழந்தையும் இல்ல. அந்த வீட்டு அடுப்பு அணையக் கூடாது. ஆம்பள இல்லாத வீட்டுக்கு வாய்க்கால்ல தண்ணி முறை குடுக்க முடியாது. தக்பா மடத்துத் துணியக் கழட்டிட்டு இறங்கி வரட்டும். வீடும் அவனுக்கு, வயலும் அவனுக்கு, நீயும் அவனுக்கு. காலங்காலமா இப்படித்தானேம்மா?”

“என்னைய வயலோட சேத்துப் பேசாதீங்க, பெரியவரே.”

“சரி சரி. பனி உருகட்டும். உடம்பு கெடைச்சா உன் இஷ்டம், நூல் அறுத்துக்கிட்டுப் போ. கெடைக்கலைன்னா அறுவடை முடிஞ்சதும் அவன் வந்துதான் ஆகணும்.”

தக்பா, நான் ஒளித்துப் பேசத் தெரியாதவள். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது நீ விடுமுறைக்கு வந்த குட்டி லாமா. உன் மூக்கைத் துடைத்துவிட்டிருக்கிறேன். உன்னோடு என்னால் வாழ முடியாது. உனக்கும் அப்படித்தான் இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. காசா டவுனில் என் தங்கை சுக்கித் பள்ளி விடுதியில் சமைக்கிறாள். அவளோடு போய் இருந்துகொள்வேன்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். இறந்தவர் மோதிர விரலையும் என் மோதிர விரலையும் நூலால் கட்டி, அவர் வீட்டு ஆள் ஒருவர் அவர் பெயரைச் சொல்லி விடுதலை கொடுத்து அறுத்துவிட்டால், நான் யாருக்கும் சொந்தமில்லை. அதற்கு அவர் உடம்பு வேண்டும். பனி உருகினால் இடையர்கள் முதலில் கணவாயைத் தாண்டுவார்கள். அவர்கள் எதையாவது கண்டால் உன் மடத்துக்குத்தான் கொண்டு வருவார்கள். எரித்துவிடாதே. எனக்குச் சொல்லி அனுப்பு. எந்த நேரமானாலும் ஓடி வருவேன். சத்தியம் செய்து எழுது.

பல்சோம்

*

தர்கே கோம்பா
1982 பிப்ரவரி 22

வணக்கத்துக்குரிய அண்ணிக்கு,

நம் புத்தாண்டு வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். செய்தி கேட்டதிலிருந்து பேனா பிடிக்க முடியவில்லை. அண்ணனுக்காக நாள் தவறாமல் பிரார்த்தனை செய்கிறேன்.

கூரைப் பனியை யார் தள்ளுகிறார்கள்? தாங்கள் ஏணியில் ஏற வேண்டாம். மேற்கு மூலையில் உத்தரம் இற்றுப்போயிருக்கிறது, அதை மாற்ற வேண்டும். சாம்பல் நிறக் குதிரை சினையா? அடுப்பறையில் தனியாகத்தான் படுக்கிறீர்களா? அந்தக் கதவின் தாழ் சரியில்லை என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். உள்ளே கட்டையை முட்டுக்கொடுத்துப் படுக்கவும்.

எது நடக்க வேண்டுமோ அது நடக்கும். நாம் அமைதியாக இருப்போம்.

தக்பா

*

நிம்லே
ஏப்ரல் 18

தக்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கூரையைக் கேட்டாய், உத்தரத்தைக் கேட்டாய், குதிரை வயிற்றைக்கூடக் கேட்டாய். நான் கேட்ட ஒன்றுக்குப் பதில் எங்கே? கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட முயல் போல ஏன் பேசுகிறாய்?

நேராகக் கேட்கிறேன். நீ இறங்கி வர ஆசைப்படுகிறாயா? ஆசை என்றால் ஆசை என்று சொல், திட்டிவிட்டு விட்டுவிடுவேன். ஆசை இல்லை என்றால் பெரியவருக்கு ஒரு வரி எழுது: ‘நான் மடத்திலேயே இருக்கிறேன், அண்ணியை வற்புறுத்தாதீர்கள்’ என்று. ஒரே ஒரு வரி.

உடம்பு கிடைத்தால் சொல்லி அனுப்புவேன் என்ற சத்தியமும் வரவில்லை. பார்லி விதைத்துவிட்டேன். வெயில் ஏறுகிறது. ராத்திரி படுத்தால் மலையில் பனி உருகி ஒழுகும் சத்தம் எனக்குள்ளேயே கேட்கிறது. அவர் கிடைப்பார் என்று நினைத்தாலும் அழுகை வருகிறது, கிடைக்கமாட்டார் என்று நினைத்தாலும் வருகிறது.

உடனே பதில் போடு.

பல்சோம்

*

தர்கே கோம்பா
ஜூலை 14

வணக்கத்துக்குரிய அண்ணிக்கு,

தங்கள் கடிதம் கிடைத்துப் பல வாரங்கள் ஆகின்றன. தியானத்தில் இருந்தேன்.

கணவாய் திறந்துவிட்டது. இடையர்கள் ஆடுகளோடு கடந்துபோனார்கள். நானே நின்று விசாரித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கும் என்று நம்புவது வீண். ஆற்றோடு போயிருக்க வேண்டும்.

ஆசை என்று தாங்கள் எழுதியது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. இதில் ஆசை எங்கே வந்தது? வீட்டுக்குச் செய்ய வேண்டிய கடமை. அறுவடைக்குப் பிறகு இறங்க அனுமதி வேண்டும் என்று தலைமை லாமாவிடம் விண்ணப்பித்திருக்கிறேன். தங்களை மரியாதையாக வைத்துக்கொள்வேன். நாளடைவில் எல்லாம் பழகிவிடும்.

மேற்கு உத்தரத்துக்கு நல்ல வில்லோ மரம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தக்பா

*

நிம்லே
ஜூலை 21

அன்புத் தங்கை சுக்கித்துக்கு அக்கா எழுதுவது.

நீ சுகமா? இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடு. யாரிடமும் மூச்சு விடாதே.

நேற்று மங்னு என்ற இடையன் மாவு கேட்டு வந்தான். மணாலிப் பக்கத்துக்காரன், வருஷா வருஷம் இந்த மேய்ச்சலுக்கு வருபவன். வாசலில் நான் கழற்றிப் போட்ட பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இந்த நீலப் பூத்தையல் யாரு போட்டதும்மா?”

“நான்தான். ஏன்?”

“அப்ப அந்த மனுஷன் உங்க ஊர்க்காரனா? கணவாய்க்குக் கீழ பனியில கெடந்தாரு. முகம் பாறையில அடிபட்டு ஒண்ணுமில்லாம போச்சு. காலு மட்டும் நல்லா இருந்துச்சு, இதே மாதிரி பூட்ஸு. கம்பளியில சுத்தித் தூக்கிட்டுப் போய் தர்கே மடத்துல ஒப்படைச்சோம்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு, யார் வாங்கிக்கொண்டது என்று கேட்டேன்.

“ஒரு இளவயசு லாமா. துணிய விலக்கினாரு. காலைப் பாத்ததும் அப்படியே உக்காந்து அதை மடியில வெச்சுக்கிட்டு அழுதாரு பாருங்க, எனக்கே தாங்கல. அப்புறம் பெரிய லாமா வந்து யாருன்னு கேட்டப்ப, ‘தெரியல, யாரோ வழிப்போக்கன்’னாரு. அவ்வளவு அழுதவரு ஏன் தெரியலன்னு சொன்னாருன்னு எனக்குப் புரியவே இல்ல. மறுநாளே எரிச்சுட்டாங்க.”

சுக்கித், மடத்தில் அந்தத் தையல் போட்ட இன்னொரு ஜோடி யார் காலில் இருக்கிறது? நான் கையால் தைத்து அனுப்பியதைப் போட்டுக்கொண்டே, என் புருஷனை யாரோ என்று சொல்லி எரித்துவிட்டான் பாவி! உடம்பு போய்விட்டால் நூல் அறுக்க முடியாது, நான் எங்கேயும் போக முடியாது. அதற்காகத்தான்.

பெரியவரிடம் போகலாம் என்று பார்த்தேன். போனால், இடையன் பேச்சு, பொம்பளைப் பேச்சு என்று தள்ளிவிடுவார். மங்னுவும் ஆடுகளோடு மேலே ஏறிவிட்டான். எரித்தாலும் சாம்பல் இருக்குமே, அதில் நூல் கட்ட முடியுமா என்று தலைமை லாமாவைக் கேட்க வேண்டும். நூல் அறுக்கும்போது இறந்தவர் வீட்டு ஆள்தான் பெயர் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் மீதி இருப்பது தக்பா ஒருவன். ஆக, அவன் வாயிலிருந்தே வர வேண்டும். மாதக் கடைசியில் மடத்தில் முகமூடி ஆட்டத் திருவிழா. போகிறேன். எனக்குத் தெரியும் என்பதை அவனிடம் காட்டிக்கொள்ளப் போவதில்லை.

உன் அக்கா

*

நிம்லே
ஜூலை 22

அன்புள்ள லாமா தம்பி தக்பாவுக்கு,

நீ நலமா? நான் நலம். உன் கடிதம் படித்தேன். இத்தனை நாள் கோபமாக எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை. நீ நின்று விசாரித்த பிறகு நான் சந்தேகப்படலாமா?

திருவிழாவுக்கு வருகிறேன். அண்ணனோடு வந்தது போன வருஷம். அந்தப் பழைய கோயில் அறையில் அவருக்காக ஒரு விளக்கு வைக்க வேண்டும். உன் கையாலேயே எடுத்துக் கொடு.

வெண்ணெயும் காய்ந்த பாலாடைக்கட்டியும் கொண்டு வருகிறேன். வேறு என்ன வேண்டும், சொல்.

உன் அண்ணி
பல்சோம்

*

தர்கே கோம்பா
ஜூலை 25

வணக்கத்துக்குரிய அண்ணிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். தாங்கள் இப்போது வர வேண்டாம். கீழே பாலம் உடைந்திருக்கிறது. தலைமை லாமாவுக்கும் உடம்பு சரியில்லை. மடத்தில் ஒருவிதக் காய்ச்சல் பரவுகிறது. விருந்தினர் அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன. இந்த வருஷம் ஆட்டமும் சிறியதாகத்தான் நடக்கும்.

விளக்கை நானே வைத்துவிடுகிறேன். அறுவடைக்குப் பிறகு நானே வருகிறேனே, அப்புறம் என்ன அவசரம்? வெண்ணெயை இந்த ஆளிடம் கொடுத்தனுப்பினால் போதும்.

தக்பா

*

நிம்லே
ஆகஸ்ட் 5

அன்புத் தங்கை சுக்கித்துக்கு,

நீ சுகமா? நான் போய்விட்டு வந்துவிட்டேன். உட்கார்ந்து எழுதுகிறேன்.

போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கியிருந்தது. முற்றத்தில் எள் போட இடமில்லை. தக்பா கொம்பு ஊதுகிறவர்கள் வரிசையில் நின்றான். என்னைக் கண்டதும் கொம்பு பிசிறிவிட்டது. பக்கத்து லாமா முழங்கையால் இடித்தார்.

ஆட்டம் முடிந்து வந்தான். “பாலம் உடைஞ்சிருக்குன்னு எழுதினேனே அண்ணி?”

“உடைஞ்ச பாலத்துல ஆட்டு மந்தையே வருது. நானும் அதுங்களோட வந்துட்டேன். எங்கப்பா காய்ச்சக்காரங்க? எல்லாரும் குதிச்சுக் குதிச்சு ஆடறாங்க!”

அவன் சிரிக்கவில்லை. இளைத்துப்போயிருந்தான். காலில் சாதாரணச் செருப்பு. என்னைப் பழைய கோயிலுக்குக் கூட்டிப் போனான். உனக்குத்தான் தெரியுமே, பகலிலும் இருட்டு, சுவரெல்லாம் மண்ணால் செய்த புத்தர்கள், ஆயிரம் வருஷத்து வெண்ணெய்ப்புகை. ஒவ்வொரு சிலையாக நின்று கதை சொன்னான். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த கதைகள்தான். நான் அண்ணன் பேச்சை எடுத்தால் ஒரு விளக்குத் திரியைச் சரி செய்யப் போய்விடுவான்.

“தக்பா, எங்கிட்ட சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?” என்று கேட்டேன்.

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுத் திரும்பினான். “இருக்கு. நான் அங்க வந்துட்டா... ஒரு நாளாவது நீங்க சந்தோஷமா இருப்பீங்களா?”

அறைந்திருப்பேன். சாமி எதிரில் நிற்கிறோம் என்று கையை மடக்கிக்கொண்டேன்.

அங்கிருந்து நேராகத் தலைமை லாமாவிடம் போனேன். அவர் கோயிலின் பின் அறையில் இருந்தார். அங்கேதான் இறந்தவர்களின் சாம்பலைக் களிமண்ணில் பிசைந்து, கட்டைவிரல் உயரக் கோபுரங்களாக அச்சில் எடுத்துக் காயவைக்கிறார்கள். தக்பாவும் பின்னாலேயே வந்தான். பலகை மேல் புதிதாக ஒரு வரிசை இருந்தது.

“இது யாருதுங்க, சாமி?”

“யாரோ வழிப்போக்கன்மா. இடையனுங்க கொண்டுவந்தாங்க. பாவம், தேடி ஒருத்தரும் வரல.”

“செத்தவருக்குப் போற வழி சொல்லிப் படிச்சீங்களா?”

“படிக்காம? பேரு தெரியாததால ‘வழிப்போக்கனே, பயப்படாதே, இந்தப் பக்கம் வா’ன்னு படிச்சோம். வேற என்ன சொல்லிக் கூப்பிட முடியும்?”

சுக்கித், அப்போதுதான் எனக்கு உடைந்தது. அந்த மனிதர் சந்தையில் யாராவது ‘கட்டுக்’ என்றால் மறுகோடியிலிருந்து ‘ஓய்!’ என்று பதில் கொடுப்பாரே! ‘வழிப்போக்கனே’ என்று கூப்பிட்டால் திரும்பியிருப்பாரா? வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அங்கேயே நின்றிருப்பார். தக்பாவைப் பார்த்தேன். அவன் முகமும் செத்துப்போயிருந்தது.

விடாமல் கேட்டேன். “சாமி, உடம்பு எரிஞ்சு போனா இதுல நூல் கட்டி அறுக்கலாமா?”

“ஏன் கூடாது? விரலும் இந்தச் சாம்பல்லதானே இருக்கு. ஆனா அவன் வீட்டு ஆளு பேரு சொல்லி விடணுமே. இவன் யாருன்னே தெரியாதே அம்மா.” சொல்லிக்கொண்டே அவர் தக்பா பக்கம் திரும்பினார். “நீதானே அன்னிக்குத் துணிய விலக்கிப் பாத்தே. ஏதாவது அடையாளம் தெரிஞ்சுதா?”

அவன் உதடு அசைந்தது.

“தெரியாது, குருவே.”

அவ்வளவுதான். வெண்ணெய்ப் பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். வேறு ஊர்ப் பெண்களோடு முற்றத்தில் படுத்தேன், தூங்கவில்லை. விடிந்ததும் அவர்களோடு கிளம்பினேன். எல்லாம் முடிந்தது, இனி அறுவடைக்குப் பிறகு அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்று நடந்தேன். ஆற்றில் குதித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். உன்னிடம் மறைப்பானேன்?

பாலத்துக்குப் பக்கத்தில் போகும்போது மேலேயிருந்து “அண்ணி! நில்லுங்க! நில்லுங்க!” என்று கூச்சல். செருப்புகூட இல்லாமல் சரிவில் விழுந்து எழுந்து ஓடி வந்தான். மடியில் அந்தக் களிமண் கோபுரம் ஒன்று. காலெல்லாம் ரத்தம்.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். கோவேறு கழுதைக்காரர் ஒருவர், “என்ன லாமா, பேயைக் கண்டீங்களா?” என்றார்.

அவன் யாரையும் பார்க்கவில்லை. என் காலடியில் மண்டியிட்டு, தன் அங்கியின் ஓரத்திலிருந்து ஒரு கம்பளி இழையை உருவினான். ஒரு முனையைக் கோபுரத்தின் கழுத்தில் கட்டினான். மறுமுனையை என் மோதிர விரலில் கட்டக் கையை நீட்டினான். “நானே கட்டிக்குவேன்” என்றேன். கட்டிக்கொண்டேன்.

“பேரைச் சொல்லு.”

இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினான். பிறகு, ஆற்றுச் சத்தத்துக்கு மேலே கத்தினான்: “கட்டுக்! நிம்லே கட்டுக்! எங்கண்ணன்! வழிப்போக்கன் இல்ல, எங்கண்ணன்! நான்தான் தெரியாதுன்னு சொல்லிட்டேன்!”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“முழுசாச் சொல்லு” என்றேன்.

“கட்டுக்கோட வீட்டுலேர்ந்து தம்பி தக்பா சொல்றேன். எங்க அடுப்பு எங்களோட, உங்க வழி உங்களோட. உங்களுக்கும் இந்த வீட்டுக்கும் இனிமே ஒண்ணுமில்ல. போகலாம்.”

இழுத்தேன். அறவில்லை. என் சொந்தக் கம்பளிதான் அது, நான் நூற்று நெய்து கொடுத்த அங்கி, எப்படி அறும்? விரல் வெட்டியது. இன்னும் இழுத்தால் கோபுரம் உடைந்துவிடும்போல இருந்தது. கழுதைக்காரர் தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். தக்பா ஆற்றுக் காற்றில் மூன்று குச்சிகளை வீணாக்கினான். நாலாவதில் இழை பிடித்துக்கொண்டது. கருகி, இரண்டாக விழுந்தது.

நான் அழுதேன். அவனும் அழுதான். “அண்ணி” என்றான். நான் பாலத்தில் ஏறி நடந்துவிட்டேன்.

பாலத்தில் நின்றவர்கள் எனக்கு முன்னால் ஊருக்குள் வந்து செய்தியைப் பரப்பிவிட்டார்கள். பல்தான் பெரியவர் என் வாசலில் வந்து நின்று, “பார்லி நல்லா வந்திருக்கும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். அறுவடையை முடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். எனக்கு ஒரு போர்வை மட்டும் எடுத்து வை.

உன் அக்கா

*

தர்கே கோம்பாவின் மேல் குகை
செப்டம்பர் 20

அண்ணிக்கு,

தாங்கள் நலமாக இருக்க வேண்டும். இந்த எழுத்தைக் கிழித்துப் போட்டாலும் சரி.

தலைமை லாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “முதல்லேர்ந்து படி, பேரு சொல்லிப் படி” என்றார். மேலே குகையில் தனியாக உட்கார்ந்து படிக்கிறேன். ‘கட்டுக், பயப்படாதே, இந்தப் பக்கம் வா’ என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் குரல் போய்விடுகிறது.

வீட்டுக்காகச் செய்தேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். பொய்யை அவர்களுக்கு விட்டுவைக்க எனக்கு மனமில்லை. நூல் அறுந்திருந்தாலும் வீடு எனக்குத்தான் வந்திருக்கும், அது எனக்குத் தெரியும். எனக்கு வீடு வேண்டாம். தாங்கள் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து அண்ணனைத் திட்டிக்கொண்டே தேநீர் ஊற்றுவீர்கள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு மடத்துக்குத் திரும்புவேன். எட்டு வயதில் என்னை இங்கே கொண்டுவந்து விட்டார்கள், என்னை யாரும் கேட்கவில்லை. அந்தக் காலை மடியில் வைத்து அழுதபோதே, இவர் போய்விட்டார், இனி அந்த இடம் எனக்கு என்று ஒரு நினைப்பும் கூடவே வந்தது. அந்த நினைப்புதான் வாயைத் திறந்து ‘தெரியல’ என்றது.

பெரியவர் இறங்கி வரச் சொன்னார். வரமாட்டேன், வீட்டைப் பெரியப்பா மகனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தங்களுக்குச் சேர வேண்டிய விடுதலையைக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன். மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதுவீர்களா?

தக்பா

*

காசா
அக்டோபர் 17

தக்பாவுக்கு,

நான் சுகம். விடுதியில் வேலை கிடைத்துவிட்டது. தங்கை கூடவே இருக்கிறாள்.

உன் கடிதத்தை ஒரு தடவை படித்தேன். உள்ளதைச் சொன்னதற்கு உன்னை மெச்சுகிறேன். எட்டு வயதுப் பிள்ளையை யாரும் கேட்காமல் கொண்டுபோய் விட்டது தப்புதான், அதற்காக எனக்கு வருத்தம் உண்டு. விடுதலையைக் கொடுத்துவிட்டாய், அதுவும் சரிதான். இங்கே என்னை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது.

ஆனால் மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. இரண்டு நாள் பேனாவைப் பிடித்துப் பார்த்தேன்.

நூல் கட்டுவது அறுத்துக்கொண்டு போவதற்கு மட்டும்தான் என்று நீ நினைக்கிறாய். ஊரும் அப்படித்தான் நினைக்கிறது. கட்டும்போது பெண் அவர் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். என் அம்மா அப்பாவின் கையை வெயில் சாயும்வரை வைத்திருந்தாள், நான் பார்த்தேன். எனக்கு நூல் வேண்டும், உடம்பு வேண்டும் என்று உனக்கு அத்தனை கடிதம் எழுதினேனே, அறுப்பதைப் பற்றியே எழுதினேன். இதை எழுத வெட்கமாக இருந்தது.

முகம் போயிருந்தால் போகட்டும். கை இருந்திருக்கும். கடிவாளம் பிடித்துக் காய்ச்சுப்போன கை, எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஒரு தடவை பிடித்துக்கொண்டு, என்ன திட்ட வேண்டுமோ திட்டிவிட்டு, அப்புறம் அறுத்திருப்பேன்.

நீ எனக்குக் கொண்டுவந்தது களிமண், தக்பா. அதில் அவர் கை இல்லை. அதை உன்னால் திருப்பித் தர முடியாது, தலைமை லாமாவாலும் முடியாது.

அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தாதே. எனக்கு இனி எழுத வேண்டாம்.

பல்சோம்